இல்லத்தின் சொல்லும் இளம் உயிரும்

மாத்தளை மாவட்டத்து இறத்தோட்டை, எல்கடுவைப் பகுதித் தோட்டங்களில், தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலை செய்ய, தந்தை அந்தி சாய்ந்ததும் மதுவின் வசப்பட, அம்மாயியின் பராமரிப்பில் லயத்துக் காம்பராவில் வளரும் பிள்ளையின் மனோவேதனைக்குச் செவிசாய்ப்பார் உண்டா என்பது அலட்சியம் செய்யத்தக்க வினாவன்று.

1995-ஆம் ஆண்டளவில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்ட இலங்கையில், கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டபின் அவ்விகிதம் வெகுவாகக் குறைந்தது. அத்தடைக்கு மேற்பட்ட காவல் குடும்பத்தின் கையில் இருக்கிறது. இளையோர் தம்மைத் தாமே வருத்திக்கொள்வதற்கு ஒரே காரணம் கற்பிக்க இயலாதெனினும், வீட்டுச் சச்சரவும் அடியும் பிறர் முன்னிலையில் நேரும் அவமானமும் அபாயத்தை மிகுவிக்கின்றன. மூத்தவர் ஒருவரின் மாறாத பரிவு அதைத் தணிக்கிறது. பரீட்சைப் பெறுபேறு குறைந்த அன்று, "ஒன்னால மானம் போச்சு" என்று சீறாமல், "வா ராசா, மொதல்ல சாப்பிடு" என்று அழைக்கும் தந்தை பெரிய வைத்தியமே செய்கிறார்.

பிள்ளை உறக்கமும் உணவும் துறந்து ஒதுங்கினால், "சாகணும்னு தோணுதா?" என்று நேரே, கனிவாகக் கேளுங்கள், அவ்வாறு கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைத்து உதவி நாடுவது குடும்பத்துக்கு இழுக்கன்று, தலையாய கடமை.