கட்சியற்ற கிராமம் கைகூடுமா?

கட்சிப் பூசல் தலைநகரங்களோடு நின்றுவிட்டால் நாடு அதனைப் பொறுத்துக்கொள்ளும். ஒரே கிணற்றில் நீர் மொள்ளும் அண்டை வீட்டாரையும் அது பிரித்துவிடுமாயின் கிராமம் அதனைத் தாங்குமா? பஞ்சாயத்துகளைப் பற்றி நம் நாட்டில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் விவாதத்தின் கரு இதுவே.

1954-ல் தம் வாழ்வைப் பூதான இயக்கத்துக்கு அர்ப்பணித்த ஜயப்பிரகாச நாராயணர், 1959-ல் இதற்கு ஒரு விடையை விரிவாக எழுதி வெளியிட்டார். கட்சிகள் மக்களைப் பிளக்கின்றன. ஆதலின் ஊரார் கூடி ஒருமனப்பட்டுத் தம் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுக்க வேண்டும். அந்த அடித்தளத்தின்மீதே மேலுள்ள அமைப்புகள் எழவேண்டும் என்பது அவர் கொள்கை.

இக்கனவை ஐயுற்றோரும் உளர். கிராமத்தை இலட்சியமாகப் போற்றுவோரை, 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் வன்மையாக மறுத்தார். அறியாமையும் குறுகிய நோக்கும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமே கிராமம் என்பது அவர் கண்ட உண்மை. நிலமுடையவர் முன்மொழிந்த பெயரை அவரிடம் கூலி பெறுபவர் மறுத்துரைக்க இயலுமா? எதிர்ப்பின்மை வேறு, இசைவு வேறு. 1977-ல் அமைக்கப்பட்ட அசோக் மேத்தா குழு, கட்சிகள் பஞ்சாயத்துத் தேர்தலில் வெளிப்படையாகவே பங்குகொள்ளலாம் என்று அடுத்த ஆண்டு பரிந்துரைத்தது.

அந்த 1978-லேயே மேற்கு வங்காளம் கட்சிச் சின்னங்களுடன் பஞ்சாயத்துத் தேர்தலை நடத்தியது. சிறு குடியானவரும் பள்ளி ஆசிரியரும் பலராகப் பதவிக்கு வந்தனர். ஆயினும் கட்சிப் பகைமையும் உடன் வளர்ந்தது. 2018-ல் அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்கள் போட்டியின்றி நிரம்பின. வேட்பு மனுக் கொடுக்கவே தம்மவரை விடவில்லை என்று எதிர்க்கட்சிகள் முறையிட்டன.

தமிழ்நாட்டிலோ கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் இல்லை. ஆனால் வேட்பாளர் எக்கட்சியினர் என்பதை ஊர் அறியும். சில ஊர்களில் தலைவர் பதவி ஏலம் விடப்பட்டதாகச் செய்திகள் வந்ததும் உண்டு. ஓரிடத்தில் கட்சியின் அச்சுறுத்தல்; பிறிதோரிடத்தில் பணமும் சாதிக்கட்டும். வழிகள் வேறாயினும் விளைவு ஒன்றே: வாக்காளர் முன்னே தேர்வு என்பதே இல்லாமற் போகிறது.

ஆகவே சின்னம் உண்டா, இல்லையா என்பது மட்டும் பஞ்சாயத்தின் தரத்தைக் காட்டாது. எளியவர் ஒருவர் அச்சமின்றிப் போட்டியிட முடிகிறதா? தோற்றவர் தெருவுக்கும் குடிநீரும் சாலையும் வருகின்றனவா? கிராம சபையில் வரவு செலவுக் கணக்கு யாவரும் கேட்கப் படிக்கப்படுகிறதா? நேயர்கள் தாம் குடியேறி வாழும் ஊரையும் பிறந்த ஊரையும் இம்மூன்று வினாக்களால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கட்சியை ஒழித்தால் பகைமை ஒழிந்துவிடும் என்று நம்புவதினும், தோற்றவரும் நிமிர்ந்து நடக்கக்கூடிய ஊரை ஆக்க முயல்வதே பயனுள்ள பணியாகும்.