வாடகை ஜிபியுவில் உங்கள் தரவுக்கு யார் காவல்?

ஜிபியுவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது கல்லூரி மாணவர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் பழகிவிட்டது. கிடைப்பது முழு கார்டா, பலர் பங்குபோடும் துண்டா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. என்விடியாவின் ஏ100 கார்டை 7 துண்டுகள் வரை பிரிக்கலாம்.

ஒருவர் தரவை மற்றவர் தொடாமல் தடுப்பது முதலில் முகவரி வேலி. கார்டின் ரெஜிஸ்டர்களும் மெமரியும் கணினிக்குத் தனித்தனி முகவரிப் பகுதிகளாகத் தெரியும். அவற்றை உங்கள் மெய்நிகர் கணினிக்குள் நேராக மேப் செய்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஹோஸ்ட் கணினி குறுக்கே வந்தால் வேகம் படுத்துவிடும். ஆனால் மேப்பிங் நடப்பது மெமரிப் பக்கக் கணக்கில்; ஒரு பக்கம் பொதுவாக 4 கிலோபைட். ஒரே பக்கத்தில் இரண்டு சாதனங்களின் ரெஜிஸ்டர்கள் இருந்தால், ஒன்றைத் திறக்கும்போது மற்றதும் திறந்துகொள்ளும். சாதனங்களை மெய்நிகர் கணினிக்கு ஒப்படைக்கும் லினக்ஸின் வி.எஃப்.ஐ.ஓ., அப்படிப்பட்ட பகுதிகளை மேப் செய்ய மறுப்பது இதனால்தான். கார்டு தானாகவே கணினியின் மெமரியைத் தொடும் வழியை ஐ.ஓ.எம்.எம்.யு. என்ற வன்பொருள் காக்கிறது.

முகவரி வேலி பழுதில்லாமல் இருந்தாலும் ஒரு சிக்கல் மிச்சம். 2024 ஜனவரியில் டிரெயில் ஆஃப் பிட்ஸ் நிறுவனம் ‘லெஃப்ட்ஓவர்லோக்கல்ஸ்’ என்ற ஓட்டையை வெளியிட்டது. ஆப்பிள், குவால்காம், ஏஎம்டி, இமேஜினேஷன் ஜிபியுக்கள் சிலவற்றில், ஒரு நிரல் ஜிபியுவின் லோக்கல் மெமரியில் விட்டுப்போன தரவை இன்னொரு நிரல் படிக்க முடிந்தது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டி கார்டில், 700 கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரியிடம் கேட்ட ஒரு கேள்விக்குச் சுமார் 181 மெகாபைட் கசிந்தது. மாதிரி சொன்ன பதிலையே அதிலிருந்து மீட்டுவிடலாம். பழைய குடித்தனக்காரரின் கடிதங்களோடு வீட்டை அடுத்தவருக்கு விட்டது போலத்தான்.

எனவே ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்: கார்டு முழுதா, பங்கா? ஐ.ஓ.எம்.எம்.யு. இயங்குகிறதா? ஆள் மாறும்போது மெமரியைத் துடைக்கிறார்களா? டிரைவர் எப்போது புதுப்பிக்கப்பட்டது? மழுப்பலாகப் பதில் வந்தால், நோயாளிகளின் பதிவுகள் போன்ற அந்தரங்கத் தரவை அங்கே ஏற்றாமல் இருப்பதே நல்லது.

“கசிந்தது வாடகைக் கார்டில்” என்று நிறுவனங்கள் கைகழுவ முடியாது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்ததாரரின் செயலுக்கும் தரவைத் திரட்டிய நிறுவனமே பொறுப்பு. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தாலும், முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள், தாராளம்தான். அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு கைகொடுக்கும். மருத்துவப் பதிவு, வங்கி விவரம் போன்றவை அலட்சியத்தால் கசிந்து நஷ்டம் நேர்ந்தால், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கேட்டு மனு செய்யலாம். சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு நிறுவனம் தகவல் தர வேண்டும்.

கசிவு என்று சந்தேகம் வந்தால் அவசரப்பட்டு வாடகை மெய்நிகர் கணினியை அழிக்காதீர்கள். லாக் கோப்புகளையும் பில்லையும் முதலில் இறக்கி வையுங்கள். அழித்தபின் அவை கிடைக்காமலே போகலாம்.