கிளை ஆபீஸ் ரவுட்டருக்கு இரண்டாவது வழி

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் ரயில் பாலத்தில் தண்ணி அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்னு போச்சு. நெட்வொர்க்லயும் ஒரே பாதையை நம்பினா இதே கதிதான்.

அந்த ஊர்ல ஒரு வங்கிக் கிளைன்னு வைங்க. தலைமை அலுவலகத்தோட பேச ஒரு ரவுட்டர், ஒரு ஃபைபர். ஃபைபர் அறுந்தா கவுன்டர்ல வேலை நிற்கும். அதுக்காக ரவுட்டரையே மாத்த வேண்டாம். கூடுதல் கார்டு போட சில மாடல்கள்ல ஸ்லாட் இருக்கும். சிஸ்கோ 4321-ல் இரண்டு. அதில் 4ஜி கார்டும் சிம்மும் போட்டு, ஃபைபர் போனா தானாக மாறும்படி செட் பண்ணலாம்.

ஆனா அந்த டவருக்குப் போற ஃபைபரும் அதே பள்ளத்திலேயே போகலாம். அப்போ ஒரே ஜேசிபி ரெண்டையும் அறுத்துடும். கார்டு வாங்குறதுக்கு முன்னாடி இதை விசாரிங்க.