உடம்பினுள் ஒரு கீல்

கீல் என்னும் சொல் கதவின் பொருத்தையும் உடம்பின் மூட்டையும் ஒருங்கே குறிக்கும். கீல்வாதம் என்னும் நோய்ப்பெயரே இதற்குச் சான்றாகும். கடலோர வீடொன்றின் கதவுக் கீலை நோக்குவோம். உப்புக்காற்று அதனை அரிக்கின்றது. திறந்து மூடுந்தோறும் உராய்வு அதனைத் தேய்க்கின்றது. தேய்வும் அரிப்பும் ஒன்றற்கொன்று துணையாகிக் கேட்டினை விரைவுபடுத்துகின்றன. பழுதுற்ற இடுப்பு மூட்டை நீக்கிச் செயற்கை மூட்டினைப் பொருத்தும் மருத்துவர்க்கும் இதுவே இடர்ப்பாடு.

இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் சேர் ஜோன் சாண்லி முதலில் உலோகத் தலைக்குத் தெப்லோன் கிண்ணத்தைத் துணையாக்கினார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் அயலிலிருந்த இழையங்களை ஊறுபடுத்தின. 1962ஆம் ஆண்டில் அவர் உறுதிமிக்க பொலிதீன் கிண்ணத்துக்கு மாறிய பின்னரே அச்சிகிச்சை நிலைபெற்றது.

உடம்பின் திரவம் 37 பாகை வெப்பமுடைய உப்புநீர் போன்றது. அதனுள் உலோகம் நிலைத்திருப்பது தன்மேற் படரும் ஒட்சைட்டுப் படலத்தாலேயாம். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சங் கூறிட்டால், அவற்றுட் சில கூறுகளே அதன் தடிப்பு. கீறல் விழுந்தால் அப்படலம் விரைவில் மீளவும் தோன்றும். ஆயின் உராய்வு ஓயாதவிடத்து, படலம் உரிவதும் உலோகம் கரைந்து புதுப்படலம் எழுவதும் மாறிமாறி நிகழும். உலோகம் குருதியிற் கலக்கும். உலோகத்தோடு உலோகம் உராயும் இடுப்பு மூட்டு வகையொன்று 2010ஆம் ஆண்டில் உலகெங்கும் மீளப்பெறப்பட்டமைக்கு இத்தகைய தீங்குகளே காரணம்.

இன்று உலோகத் தூளை லேசர்க் கதிராலோ இலத்திரன் கற்றையாலோ உருக்கி, படைமேற் படையாக அடுக்கி மூட்டுறுப்புகளை ஆக்குகின்றனர். 6 வீதம் அலுமினியமும் 4 வீதம் வனேடியமும் சேர்ந்த தைத்தேனியக் கலப்புலோகமே இதற்குப் பெரிதும் பயன்படுவது. நோயாளியின் எலும்புக்கேற்ற வடிவினை இம்முறையாற் பெறலாம். எலும்பு ஊடுருவி வளரத்தக்க நுண்டுளைகளையும் அமைக்கலாம்.

எனினும், இம்முறைக்கே உரிய குறைகள் சில உள. உருகாத தூள்மணிகள் மேற்பரப்பில் ஒட்டிநிற்கும். அவை பெயர்ந்தால் உராய்வுத் துகள்களாகும். உள்ளே வேண்டாத வெற்றிடங்கள் எஞ்சும். ஒடுங்கிய இடுக்குகளில் ஒட்சிசன் குன்றி அமிலத்தன்மை மிகுதலால், படலம் தன்னைப் புதுப்பித்தல் அரிதாகும். லேசர்முறையில் உலோகம் மிக விரைந்து ஆறுவதால் ஊசிபோன்ற நுண்படிகங்கள் தோன்றி வன்மை கூடும், உட்டகைப்பும் எஞ்சும். அவ்வன்மை கூடியும் தைத்தேனியம் உராய்வைத் தாங்குவதில் வலிகுன்றியதே. ஆதலால் அதனை எலும்போடு பொருந்தும் பாகங்களுக்கு வைத்து, உராயும் பரப்புகளைக் கோபாற்றுக் குரோமியக் கலப்பு, செரமிக், பொலிதீன் ஆகியவற்றால் அமைப்பர். அச்சில் எழுந்த உறுப்பைச் சூடேற்றி உட்டகைப்பைத் தணித்தலும், வெப்பத்தோடு அழுத்தி வெற்றிடங்களை மூடுதலும், ஒட்டிய மணிகளை அகற்றுதலும் இன்றியமையாதன.

தளர்ந்த மூட்டை மாற்றும் இரண்டாம் அறுவை முதலாவதினுங் கடினமானது; அப்போது எஞ்சும் எலும்பும் குறைவு. ஆகவே புதுமுறையின் விரைவையும் வடிவச் சிறப்பையும் வியக்கும் நாம், அம்மூட்டோடு பல்லாண்டு நடக்கவேண்டிய மனிதனை முன்வைத்தே அதனை மதிப்பிடுதல் வேண்டும். அறிவியல் பயிலும் நம் இளைஞர் இதனை உளங்கொள்வாராக.