கிதாரின் தலைமை விலகியபோது: ரேடியோஹெட் குழுவின் 'கிட் ஏ' இசைத்தொகுப்பும் ஒலியடையாள மாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

ராக் இசைக்குழு ஒன்றின் ஒலியடையாளம் அது கையாளும் கருவிகளில் தங்கியுள்ளதா, பாடலைக் கட்டமைக்கும் முறையில் தங்கியுள்ளதா என்னும் வினாவை, இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிட் ஏ' இசைத்தொகுப்பின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. கிதாரைப் பின்னுக்குத் தள்ளியபோது அக்குழுவினரின் பணிப்பகிர்வு அடியோடு மாறியது. பாடற்கட்டமைப்பின் பழக்கங்கள் பெரிதும் தொடர்ந்தன என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: ராக் இசை, ஒலிநிறம், ஒலியடையாளம், மின்னணு இசை, ரேடியோஹெட்

முன்னுரை

ஒரே சுரத்தை வீணையும் குழலும் இசைக்கும்போது இரண்டையும் பிரித்தறிய உதவும் பண்பு ஒலிநிறம். எழுத்துக் குறியீட்டில் வாழும் மேலைச் செவ்வியல் இசையில் ஒரு படைப்பைப் பல குழுக்கள் வாசிக்கலாம். ஒலிநிறம் சற்று மாறினும் படைப்பு மாறுவதில்லை. ராக் இசையின் நிலை வேறு. அங்குப் பதிவே படைப்பு. கிதார் ஒலிபெருக்கியின் கரகரப்பு, டிரம்ஸ் ஒலிக்கும் அறையின் எதிரொலி, பாடகரின் மூச்சு ஆகியவை மெட்டுக்கு நிகரான இடம் பெறுகின்றன. பழகிய கேட்பவர் ஒரு பாடலின் முதற்சில நொடிகளிலேயே குழுவை இனங்காண்பது இவற்றால்தான். எனவே ஒரு குழு தன் ஒலிநிறத்தை மாற்றும்போது, அது அக்குழுதானா என்ற ஐயம் எழுவது இயல்பு. இவ்வையம் வலுவாக எழுந்த நிகழ்வுகளுள் ஒன்று 'கிட் ஏ'.

மாற்றத்திற்கு முன்

ஆக்ஸ்ஃபர்டுஷயரின் ஆபிங்டன் பள்ளியில் பயின்ற ஐவர் 1985இல் தொடங்கிய குழு இது. பாடகர் தாம் யார்க், ஜானி கிரீன்வுட், எட் ஓ'பிரையன் ஆகிய மூவரும் கிதார் வாசித்தனர். காலின் கிரீன்வுட் பேஸ் கிதாரையும் ஃபிலிப் செல்வே டிரம்ஸையும் ஏற்றனர். மூன்று கிதார்கள் ஒரு குழுவில் அமைந்தமை அதன் ஒலியை வரையறுத்தது. 1992இல் வெளிவந்த 'கிரீப்' பாடலில் பல்லவிக்குச் சற்றுமுன் ஜானி கிரீன்வுட் எழுப்பும் முரட்டுக் கிதார் வெட்டொலி, மெட்டின் பகுதியாக இல்லாதபோதும், அப்பாடலின் முகவரியாகவே ஆயிற்று. 'தி பெண்ட்ஸ்' (1995), 'ஓகே கம்ப்யூட்டர்' (1997) ஆகிய தொகுப்புகள் இவ்வடையாளத்தை விரிவாக்கின.

விரிவாக்கத்தினுள்ளேயே விலகலின் விதையும் இருந்தது. 'ஓகே கம்ப்யூட்டர்' தொகுப்பின் முதற்பாடலான 'ஏர்பேக்'கில் செல்வேயின் வாசிப்பிலிருந்து வெட்டியெடுத்த சிறு பகுதி கணினியில் திருத்தப்பட்டுத் தாளமாக அமைக்கப்பட்டது. 'ஃபிட்டர் ஹேப்பியர்' என்னும் பகுதியில் யார்க்குக்குப் பதிலாக மெக்கின்டாஷ் கணினியின் குரலே பேசுகிறது. ஆகவே 2000இல் நிகழ்ந்ததை முன்னறிவிப்பற்ற முறிவாக எழுதும் வழக்கம் சான்றுகளுக்குப் பொருந்துவதில்லை.

வெற்றி தந்த நெருக்கடி வேறுவகையானது. 'ஓகே கம்ப்யூட்டர்' சுற்றுப்பயணத்தின் சோர்வை கிராண்ட் கீ இயக்கிய 'மீட்டிங் பீப்பிள் இஸ் ஈஸி' (1998) ஆவணப்படம் காட்டுகிறது. அதன்பின் யார்க் எழுத இயலாத நிலைக்கு ஆளானார். அதே காலத்தில் இக்குழுவின் சாயல் பிரிட்டானிய இசையில் பரவலாயிற்று. 'ஓகே கம்ப்யூட்டர்' தொகுப்பின் தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச், டிராவிஸ் குழுவின் 'தி மேன் ஹூ' (1999) தொகுப்பின் பெரும்பகுதிக்கும் தயாரிப்பாளர் என்பது இங்குக் கருதத்தக்கது. தனக்கே உரியதாக இருந்த ஒலி பொதுச்சொத்தாகும்போது, அதை மீண்டும் ஒலிப்பது தன்னையே நகலெடுப்பதாகிவிடும்.

பணிப்பகிர்வின் மாற்றம்

1999 தொடக்கத்தில் பாரிஸில் ஒலிப்பதிவு தொடங்கியது. பின்னர்க் கோபன்ஹேகன், குளோஸ்டர்ஷயர், ஆக்ஸ்ஃபர்டு என இடம் மாறியது. யார்க் அப்போது வார்ப் நிறுவனம் வெளியிட்ட ஏஃபெக்ஸ் ட்வின், ஆடெக்கர் போன்ற மின்னணு இசைக்கலைஞர்களின் படைப்புகளில் ஆழ்ந்திருந்தார். ஓ'பிரையனோ சுருக்கமான, மெட்டு மிகுந்த கிதார் பாடல்களை விரும்பினார். கருத்து வேறுபாடு குழு கலையும் வாய்ப்பைப் பேசும் அளவுக்குச் சென்றது. வெளியிடத்தக்க தொகுப்பு ஒன்றில் உடன்பாடு காண இயலாவிடின் பிரிந்துவிடுவது என உறுப்பினர்கள் முடிவுசெய்திருந்தனர். 2000 தொடக்கத்தில் காட்ரிச் ஐவரையும் இரு அணிகளாகப் பிரித்தார். ஓரணி கிதார், டிரம்ஸ் முதலிய வழக்கமான கருவிகளைத் தொடாமல் ஓர் ஒலிக்கோவையை உருவாக்க வேண்டும்; மற்ற அணி அதனை வளர்த்தெடுக்க வேண்டும்.

இவ்வேற்பாடு வெறும் பயிற்சியாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அதன் உட்பொருள் அதைவிடப் பெரிது. ராக் குழுவில் ஒருவரின் இடம் அவர் ஏந்தும் கருவியால் தீர்மானிக்கப்படுவது வழக்கம். கருவியை விலக்கும்போது அவ்விடமும் விலகுகிறது. டிரம்ஸ் கலைஞரின் தாளத்தை இயந்திரம் தருமாயின் அவர் செய்வது என்ன? கிதார் தேவைப்படாத பாடலில் மூன்று கிதார் கலைஞர்கள் செய்வது என்ன? 'கிட் ஏ' இவ்வினாக்களுக்குத் தந்த விடை, வாசிப்பவர் தேர்ந்தெடுப்பவராகவும் தொகுப்பவராகவும் மாறுவது என்பதாகும். 'ட்ரீஃபிங்கர்ஸ்' இதற்குத் தெளிவான சான்று. அதன் ஒலிகள் அனைத்தும் ஓ'பிரையனின் கிதாரிலிருந்து பிறந்தவை. அவற்றை யார்க் கணினியில் உருமாற்றினார். கேட்பவர் செவிக்கு அங்கே கிதார் இல்லை.

'இடியோடெக்' பாடலின் பிறப்பு இதனினும் சிக்கலானது. ஜானி கிரீன்வுட் மின்னணுக் கருவிகளைக் கொண்டு ஏறத்தாழ 50 நிமிடம் நீளும் ஒலிக்கோவை ஒன்றை உருவாக்கினார். அதிலிருந்து யார்க் ஒரு நிமிடத்துக்கும் குறைந்த பகுதியைத் தேர்ந்து பாடலாக்கினார். அப்பகுதியில் ஒலிக்கும் நான்கு சுரக்கூட்டுகள் அமெரிக்க இசையமைப்பாளர் பால் லான்ஸ்கி 1973இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கணினியில் இயற்றிய 'மில்ட் உண்ட் லைசெ' என்னும் படைப்பின் துணுக்கு. லான்ஸ்கியின் படைப்போ வாக்னரின் 'டிரிஸ்டான் உண்ட் இசோல்ட' இசைநாடகத்தின் புகழ்பெற்ற தொடக்கச் சுரக்கூட்டினை ஆய்வுப்பொருளாகக் கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் இசைநாடக மேடையிலிருந்து பல்கலைக்கழகக் கணினி வழியாக நடன அரங்கின் தாளத்திற்கு ஒரு சுரக்கூட்டு வந்து சேர்ந்த வழி இது. லான்ஸ்கியிடம் முறையாக இசைவு பெறப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

புதிய கருவி எல்லாம் கணினி சார்ந்ததன்று. மாரிஸ் மார்ட்டெனோ 1928இல் அறிமுகப்படுத்திய ஓந்த் மார்ட்டெனோ என்னும் பழைய மின்னணுக் கருவியை ஜானி கிரீன்வுட் இத்தொகுப்பில் விரிவாகக் கையாண்டார். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் 'துரங்கலீலா' சிம்பொனியில் அதனைப் பயன்படுத்தியிருந்தார். அப்படைப்பின் மீது கிரீன்வுட்டுக்குச் சிறுவயது முதலே ஈடுபாடு உண்டு. 'தி நேஷனல் ஆன்த்தம்' பாடலின் பித்தளைக் காற்றுக்கருவிகள் ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸை நினைவூட்டும் வகையில் மோதுகின்றன. அதன் அடித்தளமான பேஸ் தொடரோ யார்க் பள்ளிப்பருவத்தில் அமைத்தது. எதிர்காலத்தின் ஒலி எனப் புகழப்பட்ட தொகுப்பின் மூலப்பொருள்களில் பெரும்பகுதி பழைமையுடையது.

தொடர்ந்தவை

'கிரீப்' தொடக்கம் முதல் இறுதிவரை நான்கே சுரக்கூட்டுகளின் சுழற்சியால் ஆனது. 'இடியோடெக்' பாடலும் நான்கு சுரக்கூட்டுகளை மீள மீளச் சுழற்றுகிறது. ஒன்றில் கிதார், மற்றொன்றில் பிறருடைய ஒலித்துணுக்கு. சுழற்சியின் மீது குரல் மட்டும் மாறிச் செல்லும் கட்டமைப்பு இரண்டுக்கும் பொது. 'ஓகே கம்ப்யூட்டர்' தொகுப்பின் 'எக்ஸிட் மியூசிக்' தனிக் கிதாரில் தொடங்கிப் படிப்படியாகப் பெருகி உச்சமடைவது போன்றே, 'ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி' பாடலும் தனிக் கிதாரிலிருந்து தந்திக்கருவிகளின் பேரலைக்கு உயர்கிறது. டார்செஸ்டர் மடாலயத் தேவாலயத்தில் பதிவான அத்தந்தியிசைக்கு ஒழுங்கமைத்தவர் ஜானி கிரீன்வுட். 'ஆப்டிமிஸ்டிக்' வெளிப்படையான கிதார் பாடல். கிதார் மறைந்த தொகுப்பு என்னும் பெயர் 'கிட் ஏ'வுக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு: தொடக்கப் பாடல்.

'எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்' பியானோவில் இயற்றப்பட்டுப் பின்னர் சிந்தசைசருக்கு மாற்றப்பட்டது. அதில் கிதார் இல்லை. யார்க்கின் குரல் துண்டுகளாக வெட்டப்பட்டுச் சிதறி ஒலிக்கிறது. பத்து எண்ணிக்கையில் சுழலும் அதன் அமைப்பு கேட்பவர் காலைத் தட்ட விடுவதில்லை. தொகுப்பின் வாயிலிலேயே பழகிய அடையாளங்கள் மூன்றும், அதாவது கிதாரும் டிரம்ஸும் தெளிந்த குரலும், ஒருசேரப் பறிக்கப்படுகின்றன. பின்வரும் பாடல்களை அந்த இழப்புணர்வோடுதான் செவி அணுகுகிறது.

இத்தொடர்ச்சியை எல்லாப் பாடல்களுக்கும் நீட்டிப்பது பொருந்தாது. 'ட்ரீஃபிங்கர்ஸ்' பாடலில் குரலோ தாளமோ இல்லை. முந்தைய தொகுப்புகளில் அதற்கு இணை காண்பது கடினம். தலைப்புப் பாடலில் சொற்கள் கருவியொலியோடு கரைந்து பொருள் கலங்குகின்றன. எழுதிய வரிகளை வெட்டித் தொப்பியிலிட்டுக் குலுக்கி எடுக்கும் முறையை யார்க் இத்தொகுப்பில் கையாண்டார். டாடாயிசக் கவிஞர் டிரிஸ்டான் ஜாரா முன்மொழிந்த முறையை ஒத்தது இது. தன்னனுபவத்தை உரைக்கும் பாடகர் என்னும் ராக் மரபின் அச்சாணி இங்கே கழன்றுவிடுகிறது. ஒலிநிற மாற்றத்தைவிட ஆழமான மாற்றம் இதுவேயாகலாம். விமரிசகர் பலர் கிதாரைப் பற்றியே பேசியமையால் இது போதிய கவனம் பெறவில்லை.

வரவேற்பு

தனிப்பாடல் வெளியீடோ வழக்கமான இசைக் காணொளியோ இன்றி 2000 அக்டோபரில் வந்த தொகுப்பு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் 'ஓகே கம்ப்யூட்டர்' எட்டிய உயர்நிலை 21ஆம் இடம் மட்டுமே. பிரிட்டனின் 'மெலடி மேக்கர்' ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் அளித்தது. அமெரிக்காவின் 'பிட்ச்ஃபோர்க்' பத்துக்குப் பத்து அளித்தது. எழுத்தாளர் நிக் ஹார்ன்பி 'தி நியூயார்க்கர்' இதழில் முன்வைத்த தடை தனித்தன்மையுடையது. இத்தொகுப்பு கோரும் பொறுமை, வேலைக்குச் சென்று களைத்து வரும் வயதினருக்கு வாய்ப்பதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். இசையின் தரத்தைப் பற்றியதாகத் தோன்றினும் இது கேட்பவரின் ஓய்வு நேரத்தைப் பற்றிய வாதம். அவ்வகையில் இன்றும் மறுக்க எளிதன்று. மின்னணு இசையில் பழகியோர் எழுப்பிய தடை, இவ்வொலிகள் வார்ப் கலைஞர்கள் முன்பே கண்டவை என்பது. ஒலிநிறத்தைப் பொறுத்தவரை இது சரி. அவ்வொலிகளைப் பாடலின் கட்டமைப்புக்குள் நிறுத்தியதைப் பொறுத்தவரை வலுவற்றது.

மேடைச் சான்று

அதே பதிவுகளிலிருந்து உருவாகி 2001இல் வெளிவந்த 'அம்னீசியாக்' தொகுப்பில் 'லைக் ஸ்பின்னிங் பிளேட்ஸ்' என்னும் பாடல் உண்டு. 'ஐ வில்' என்ற மற்றொரு பாடலின் பதிவைப் பின்னோக்கி ஓட்டியபோது கிடைத்த ஒலியின் மீது அது அமைந்தது. ஒலிக்கூடத்தை விட்டால் அதற்கு வாழ்வில்லை என்றே கேட்பவர் எண்ணுவர். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த 'ஐ மைட் பி ராங்' என்னும் நேரலைத் தொகுப்பில் யார்க் அதனைப் பியானோவோடு பாடுகிறார். பின்னோக்கிய ஒலிகள் எவையும் அங்கில்லை. மெட்டு குலையவில்லை, உருக்கமான எளிய பாடலாகவே அது நிற்கிறது. 'ஐ வில்' தன் நேர்வடிவில் 2003இல் 'ஹெயில் டு தி தீஃப்' தொகுப்பில் இடம்பெற்றது. அத்தொகுப்பின் முதற்பாடல், ஒலிபெருக்கியில் கிதாரைச் செருகும் ஓசையோடு தொடங்குகிறது.