பதினாறு வயசு அண்ணன்

எனக்குப் பதினாறு வயசானபோது, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். குழந்தை சாக்பீஸைத் தின்றுவிட்டது. அதோடு அந்த உத்தியோகம் போச்சு!

அதே வயசுப் பிள்ளைகளை நம்பி, பல தேசத்து 11 வயசுக் குழந்தைகளை விட்டுவைக்கிறார்கள், சி.ஐ.எஸ்.வி. முகாம்களில். உலக யுத்தம் ஓய்ந்த கையோடு, 1946-ல் டோரிஸ் ஆலன் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணருக்கு உதித்த யோசனை. பெரியவர்கள் சமாதானம் பேசிக் கிழித்தது போதும், குழந்தைகளிடம் ஆரம்பிப்போம் என்று. 1951-ல் சின்சினாட்டியில் முதல் முகாம்.

நாலு வாரம். ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள், துணைக்கு ஒரு பெரியவர். இவர்களுக்கு நடுவில்தான் 'ஜூனியர் கவுன்சலர்'கள். வயசு 16, 17. தனியாக வருவார்கள். சம்பளம் கிடையாது, செலவும் வீட்டுக் காசு. என் பி.காம். மூளைக்கு இது சுத்த நஷ்டக் கணக்கு!

பகலில் விளையாட்டு, பாட்டு... சுலபம். ராத்திரிதான் பேஜார். விளக்கை அணைத்ததும் ஒரு மூலையில் விசும்பல் கேட்கும். அம்மா ஞாபகம். அந்தப் பிள்ளையின் பாஷை இவனுக்குப் புரியாது. இவன் பாஷை அதுக்குப் புரியாது. பெரியவரிடம் சொல்ல வெட்கம். அண்ணனிடமோ அக்காவிடமோ அந்த வெட்கம் இல்லை. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், தூங்கிவிடும்.

அந்த அண்ணனும் முதல் தடவையாக வீட்டைவிட்டு வந்தவனாக இருக்கலாம். அவன் யார்கிட்டே போய் அழறதாம்?