பக்கத்து ஊருக்கு நீண்ட பச்சைத் தடம்

அமெரிக்காவின் பாஸ்டன் மாநகரை வடமேற்கே ஒட்டியுள்ள சாமர்வில், சுமார் 4 சதுர மைல் பரப்புக்குள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் நெருங்கி வாழும் ஊர். 1835-இல் ஓடத் தொடங்கிய பாஸ்டன்–லோவெல் ரயில்பாதை அதன் நடுவே செல்கிறது. ஆயினும் 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டீசல் ரயில்கள் புகையை மட்டும் விட்டுவிட்டு அவ்வூரைக் கடந்து சென்றனவேயன்றி, அங்கு வாழ்வோரை ஏற்றிக்கொள்ள நிற்கவில்லை. 1984-இல் மேற்கு ஓரத்தில் திறக்கப்பட்ட டேவிஸ் மெட்ரோ நிலையமும், முப்பது ஆண்டுகள் கழித்துக் கிழக்கு ஓரத்தில் வந்த அசெம்பிளி நிலையமும் தவிர, நடுப்பகுதி மக்கள் பேருந்தையே நம்பியிருந்தனர். இந்தக் குறையைத் தீர்க்க, கேம்பிரிட்ஜ் நகரின் லெச்மியர் நிலையத்தோடு நின்றுவிட்ட ‘பச்சைத் தடம்’ சாமர்வில் வழியாக அடுத்த ஊரான மெட்ஃபோர்ட் வரை நீட்டப்பட்டது. பக்கத்து ஊருக்குப் பாதை போடும் திட்டத்தில் பணமும் காலமும் உண்மையில் எங்கே கரைகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இது.

பச்சைத் தடம் ஓர் இலகு ரயில். அதாவது, மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று, மெட்ரோவைவிடச் சிறிய பெட்டிகளுடன், தனிப்பாதையிலும் சுரங்கத்திலும் தேவையானால் தெருவிலும் ஓடக்கூடிய வண்டி. பாஸ்டன் நகர மையத்தில் அது செல்லும் சுரங்கம் 1897-இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில்பாதை அதுவே.

நீட்டிப்புக்கு வித்திட்டது போக்குவரத்துத் துறையின் தொலைநோக்கு அன்று. ஒரு நெடுஞ்சாலைத் திட்டமே. பாஸ்டனின் நடுவே சென்ற மேம்பாலச் சாலையை நிலத்துக்கடியில் புதைக்கும் ‘பிக் டிக்’ திட்டம் கார் போக்குவரத்தையும் காற்று மாசையும் பெருக்கும் என்று கன்சர்வேஷன் லா ஃபவுண்டேஷன் என்னும் சூழலியல் சட்ட அமைப்பு எதிர்க்க, அதற்கு ஈடாகப் பொதுப் போக்குவரத்துப் பணிகளைச் செய்து தருவதாக மாசசூசெட்ஸ் மாநில அரசு 1990-இல் ஒப்புக்கொண்டது. அவ்வாக்குறுதி, தூய காற்றுச் சட்டத்தின்கீழ் நடுவண் அரசிடம் அளிக்கப்படும் மாநிலச் செயல்திட்டத்தில் இடம்பெற்றதால், ஆட்சி மாறினாலும் எளிதில் கைகழுவ முடியாத சட்டக் கடமையாயிற்று. சுரங்கச் சாலை முடிந்த பிறகும் ரயில் வராததால் 2005-இல் அதே அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2014 இறுதிக்குள் முடிப்பது என்ற கெடு அதன்பின் வந்தது. கார்களுக்கான பணி முதலில் முடிய, அதனால் எழும் மாசுக்கான ஈடு பல ஆண்டுகள் பின்தங்கியது அநீதி என்றே சொல்ல வேண்டும்.

புதுப்பாதையைப் பழைய ரயில்பாதைகளின் ஓரமாகவே அமைக்கத் திட்டமிடுவோர் முடிவு செய்தனர். ஒரு கிளை லோவெல் பாதையை ஒட்டி மெட்ஃபோர்டுக்கும், மற்றொரு குறுங்கிளை ஃபிட்ச்பர்க் பாதையை ஒட்டி யூனியன் சதுக்கத்துக்கும் செல்லும். சுரங்கம் தோண்டவோ வீடுகளைப் பெருமளவில் கையகப்படுத்தவோ தேவையில்லை என்பதால் இது மலிவான வழியாகத் தோன்றியது. ஆனால் பள்ளத்தில் ஓடிய லோவெல் பாதையில் நான்கு தண்டவாளத் தொகுதிகளுக்கு இடம் காண வேண்டுமானால், ஓடிக்கொண்டிருக்கும் புறநகர் ரயில் தண்டவாளங்களை ஒருபுறமாக நகர்த்தி, கரைகளை வெட்டித் தாங்குசுவர் எழுப்பி, மேலே செல்லும் சாலைப் பாலங்களைத் திருத்தி, மழைநீர் வடிகாலையும் புதிதாக அமைக்க வேண்டும். அத்தனையையும் ரயில்கள் ஓடாத நேரம் பார்த்தே செய்ய வேண்டும்.

2015 ஜனவரியில் நடுவண் அரசு 99.6 கோடி டாலர் மானியத்துக்கு ஒப்பந்தமிட்டபோது, மொத்தச் செலவு சுமார் 200 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அது 300 கோடியை எட்டக்கூடும் என்று தெரிந்ததும் திட்டமே கைவிடப்படும் நிலை உருவாயிற்று. வடிவமைப்பு நடக்கும்போதே ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பணிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உச்ச விலையைப் பேசி முடிக்கும் முறை அப்போது பின்பற்றப்பட்டது. திட்டத்தை நடத்தும் பொது அமைப்பிடம் விலையை எடைபோட்டு மறுக்கவல்ல பொறியாளர்கள் போதிய அளவில் இருந்தால் இம்முறை பலன் தரும். இங்கோ அத்தகைய சொந்தப் பணியாளர் மிகச் சிலரே. மேற்பார்வையும் பெரும்பாலும் வெளி ஆலோசகர்களிடம் இருந்தது. போட்டியும் இல்லாமல், பேரம் பேசும் அறிவும் உள்ளே இல்லாமல் போனதே செலவு வீங்கியதற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

அடுத்து வந்த மறுவடிவமைப்பில், பயணச்சீட்டு வாயில்களோடு மூடிய கட்டடங்களாகக் கருதப்பட்ட நிலையங்கள் திறந்த நடைமேடைகளாயின; வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனை சுருங்கியது; தாங்குசுவர்கள் குறைந்தன. கேம்பிரிட்ஜும் சாமர்விலும் சேர்ந்து 7.5 கோடி டாலர் தர முன்வந்தன. சிறு நகராட்சிகளுக்கு அது பெருஞ்சுமை. வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கும் புதிய ஒப்பந்தப்புள்ளியில் 131.9 கோடி டாலர் என்ற உச்சவரம்பு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. கூரைகள், கூடுதல் மின்தூக்கிகள், ரயிலை ஒட்டிய நடை–மிதிவண்டிப் பாதையின் நீட்சி முதலிய ஆறு வசதிகள் ‘வரம்புக்குள் இயன்றால் சேர்க்கலாம்’ என்று தனியே பட்டியலிடப்பட்டன. 2017-இல் வென்ற நிறுவனம் ஆறையும் சேர்த்தே ஏறத்தாழ 108 கோடிக்கு ஒப்புக்கொண்டது. எதை இழக்கக்கூடாது, எது இருந்தால் நல்லது என்பதை முதலிலேயே பிரித்துக்கொண்டிருந்தால் இடையில் போன ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். திறந்த நடைமேடையால் பயணிகள் இழந்தது சிறிது. காத்திருந்ததில் இழந்தது பெரிது.

யூனியன் சதுக்கக் கிளை 2022 மார்ச் 21 அன்றும், மெட்ஃபோர்ட் கிளை டிசம்பர் 12 அன்றும் திறக்கப்பட்டன. அந்தக் கட்டுமான ஒப்பந்தத்தோடு மற்றச் செலவுகளையும் சேர்த்து மொத்தச் செலவு ஏறத்தாழ 230 கோடி டாலர். ஓராண்டுக்குள்ளாகவே ஒரு குறை வெளிப்பட்டது. இரு தண்டவாளங்களின் உட்புற விளிம்புகளுக்கு இடையே 1,435 மில்லிமீட்டர் தூரம் இருப்பதே நியமம். பல இடங்களில் அது அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் குறுகியிருந்ததால், 2023 இலையுதிர்காலத்தில் வண்டிகள் சில பகுதிகளில் மணிக்கு 3 மைல் வேகத்தில் ஊர்ந்தன. இச்சிக்கலின் அறிகுறிகள் 2021-லேயே சிலருக்குத் தெரிந்திருந்தும் பாதை திறக்கப்பட்டது. ஒப்பந்ததாரரின் செலவில் அது சரிசெய்யப்பட்டது என்றாலும், மேற்பார்வையைச் சொந்தக் கையில் வைத்திராத பலவீனம் விலையில் மட்டுமன்றித் தரத்திலும் தலைகாட்டியதை மறுக்க முடியாது.

பொறியியலைவிடக் கடினமான கேள்வி வீட்டு வாடகை. சாமர்விலில் பெரும்பான்மையோர் வாடகைதாரர்கள். நிலையம் வருகிறது என்ற செய்தியே நிலத்தின் விலையை ஏற்றிவிடும் என்பதால், பல பத்தாண்டுகள் டீசல் புகையையும் நெடுஞ்சாலை இரைச்சலையும் பொறுத்தவர்கள் ரயில் வரும்போது அங்கே இருப்பார்களா என்ற அச்சம் நியாயமானது. வாடகைக் கட்டுப்பாட்டை 1994-ஆம் ஆண்டு வாக்கெடுப்பு மாசசூசெட்ஸ் முழுவதும் தடை செய்துவிட்டதால், நகராட்சியின் கையில் இருந்த கருவிகள் சில மட்டுமே. பெரிய குடியிருப்புத் திட்டங்களில் ஐந்தில் ஒரு வீடு குறைந்த வருவாயினருக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்று 2016-இல் அது விதித்தது. ஆனால் இவ்விதி புதிதாகக் கட்டப்படும் வீடுகளையே கட்டுப்படுத்தும். பழைய மூன்றடுக்கு மரவீடுகளில் குடியிருப்போரின் வாடகையை அது தொடுவதில்லை. மெட்ஃபோர்டில் மிஸ்டிக் ஆற்றங்கரைச் சாலைவரை பாதையை மேலும் நீட்டும் பகுதி ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அது மீண்டும் எடுக்கப்படும் நாளில், தண்டவாளம் எங்கே செல்லும் என்று தீர்மானிக்கும் அதே ஆவணத்தில், அதன் ஓரத்தில் வாடகைக்கு இருப்போரின் நிலைமையும் முதல் பக்கங்களிலேயே இடம்பெற வேண்டும்.